வெண்டெலின் அம்மா வந்தபோது

நாப்பாக் ஊரில் எவோனிடம் யாரும் வானிலை கேட்பதில்லை. கேட்டால் என்ன வரும் என்று எல்லோருக்கும் மனப்பாடம். வெளியே பளீரென்று வெயில் அடித்தால் "நல்லா இருந்தாலும் இருக்கும்" என்பார். பனிப்புயல் கதவைத் திறக்க விடாமல் அறைகிறபோது "கொஞ்சம் காத்து மாதிரி" என்பார். வடகோடிப் பனிநாட்டின் அந்த ஆற்றோரத்து ஊர்களில் யூப்பிக் பழங்குடி ஜனங்கள் எல்லோருமே இந்த விஷயத்தில் வாயை அளந்துதான் திறப்பார்கள். வானத்துக்குக் காது உண்டு, நாளைக்கு நன்றாக இருக்கும் என்று அடித்துச் சொல்கிறவனை அது குறித்து வைத்துக்கொள்ளும் என்பது அங்கே பால்குடிப் பிள்ளைக்கும் தெரிந்த சங்கதி. எவோன் அதிலும் ஒரு படி மேலே.

"கல்யாணத்தன்னைக்குப் பாதிரியார் கேட்டாரு, இவளைக் கட்டிக்கிறியான்னு" என்று அவர் மனைவி பரஸ்கா நாற்பது வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். "இந்த மனுஷன் 'கட்டினாலும் கட்டுவேன்'னாரு. எங்கப்பா எழுந்து போகப் பாத்தாரு."

இப்படிப்பட்டவருக்குக் கடவுள் கொடுத்த வேலையைப் பாருங்கள். நூற்றுப்பத்து மைல் தள்ளியிருக்கும் பெத்தல் நகரத்திலிருந்து சின்ன விமானங்கள் நாப்பாக்குக்கு வந்து போகும். சாலை கிடையாது. ஆள், அரிசி, மருந்து, தபால் எல்லாமே ஆகாய வழிதான். அந்த விமானங்களுக்கு ஊரில் ஏஜெண்ட் எவோன். கிளம்புவதற்கு முன்னால் விமானி போன் செய்து வானம் எப்படி என்று கேட்பான். எவோன் அடுப்படி ஜன்னல் வழியாக வடக்கே இருக்கும் மொட்டை மலையைப் பார்த்துச் சொல்ல வேண்டும். பிறகு பனிவண்டியை எடுத்துக்கொண்டு ஓடுதளத்துக்குப் போய், சரக்கை இறக்கி, ஏறப்போகும் ஆட்களையும் மூட்டைகளையும் தராசில் நிறுத்து எழுதிக் கொடுக்க வேண்டும்.

புதிதாக வரும் விமானிகளுக்கு எவோனின் பதிலைக் கேட்டுப் பைத்தியம் பிடிக்கும். வெண்டெல் ஒருவன்தான் அதைப் படித்துக்கொண்டான். மினசோட்டாக்காரன், நெட்டைக் கொக்கு, முப்பத்து நாலு வயது. ஆறு வருஷமாக அந்த வழியில் ஓட்டினான். மற்ற விமானிகளுக்கு அவனே பாடம் எடுப்பான். "எவோன் 'இருந்தாலும் இருக்கும்'னா மலை சுத்தமா தெரியுதுன்னு அர்த்தம். 'அப்படித்தான் போல'ன்னா பாதி தெரியுது. 'யாருக்குத் தெரியும்'னா பேசாம காபி குடிச்சிட்டு உட்காரு."

இரண்டாவது வருஷத்திலேயே அவனும் எவோனும் மச்சான் முறை ஆகிவிட்டார்கள். அந்த ஊரில் மச்சான் என்றால் ஒருவனை ஒருவன் கேலி செய்தே தீர வேண்டும், கோபப்படக் கூடாது. விமானியை எடைபோட அவசியமே இல்லை. ஆனாலும் எவோன் ஒவ்வொரு தடவையும் அவனைத் தராசில் ஏற்றுவார்.

"மச்சான், பரஸ்கா கொழுப்புல பழத்தைப் போட்டுப் பிசைஞ்சு கொடுத்ததெல்லாம் உன் பின்பக்கத்துல போய் உட்கார்ந்துடுச்சு. ரெண்டு மூட்டையை இறக்கணும்."

"இறக்கினாலும் இறக்கலாம்" என்பான் வெண்டெல், எவோனுடைய குரலிலேயே. சுற்றி நிற்கிறவர்கள் சிரிப்பார்கள்.

அந்த ஜனவரியில் எவோனின் மகள் நஸ்தாவுக்கு ஏழு மாதம். பரிசோதனைக்காகப் பெத்தல் போனவள் மூடுபனியில் மூன்று நாளாக அங்கேயே மாட்டிக்கொண்டாள். இங்கே சிலாவிக் பண்டிகை. பழைய ருஷ்ய மாதாகோவில் கணக்குப்படி வருகிற கிறிஸ்துமஸ். ஊரார் ஜிகினா நட்சத்திரத்தைச் சுழற்றிக்கொண்டு வீடு வீடாகப் பாடி வருவார்கள். நட்சத்திரம் வீட்டுக்கு வரும்போது வீட்டு ஆட்கள் ஒருவர் குறையாமல் இருக்க வேண்டும். அன்று சாயங்காலம் எவோன் வீட்டு முறை. பரஸ்கா காலையிலிருந்து பத்து தடவை ஜன்னலுக்கும் அடுப்புக்கும் நடந்துவிட்டாள். மருமகன் மக்ஸிம் மனைவியின் வீட்டுக் காலணியை எடுத்து அடுப்புப் பக்கத்தில் சூடேற வைத்திருந்தான். எவோன் அதைப் பார்த்தார்.

பத்தரை மணிக்குப் போன் அடித்தது.

"மச்சான், இங்க வானம் விட்டிருக்கு. உன் பக்கம் மலை தெரியுதா?"

எவோன் பார்த்தார். மலை தெரிந்தது. அடிவாரம் வரை சுத்தமாகத் தெரிந்தது.

"தெரியுது" என்றார். "நல்லா இருக்கு. வா."

"யாரு பேசறது?" என்றான் வெண்டெல். "நான் எவோன் வீட்டுக்கில்ல போன் போட்டேன்."

"எவோன்தான். வா."

போனை வைத்துவிட்டார். பரஸ்கா திரும்பிப் பார்த்தாள்.

அவர் சொன்னதில் பொய் இல்லை. பத்தரை மணிக்கு மலை தெரியத்தான் தெரிந்தது. பதினொன்றே காலுக்கு ஆற்றில் உறையாமல் கிடந்த ஒரு துண்டு நீரிலிருந்து மூடுபனி கிளம்பி மலையை விழுங்கிவிட்டது. பதினொன்றரைக்கு வர வேண்டிய விமானம் வரவில்லை. மணி பன்னிரண்டு ஆனபோது எவோன் வீட்டு வயர்லெஸ்ஸில் ஒரு வார்த்தைதான் சொன்னார். ஊர் முழுக்க வீட்டுக்கு ஒரு வயர்லெஸ் பெட்டி உண்டு. அரைமணி நேரத்தில் இருபத்தேழு பனிவண்டிகள் கிளம்பிவிட்டன.

மொட்டை மலையின் மறுபக்கச் சரிவில், ஊரிலிருந்து பதினோரு மைலில், வெளிச்சம் போகும் நேரத்துக்கு மக்ஸிம்தான் முதலில் கண்டுபிடித்தான். விமானத்தின் மூக்கு ஊரைப் பார்த்திருக்கவில்லை. பெத்தல் பக்கம் திரும்பியிருந்தது. திரும்பும்போது இறக்கை சரிவில் பட்டிருக்கிறது. முன்பக்கம் நசுங்கி வெண்டெலின் கால்கள் இரண்டும் உள்ளே மாட்டிக்கொண்டிருந்தன. பின்னால் நஸ்தா ஒரு கை உடைந்து உட்கார்ந்திருந்தாள். அவள் மேல் வெண்டெலின் கனத்த அங்கி, அவனுடைய கையுறை, அவனுடைய தொப்பி. அவளைச் சுற்றிலும் சிலாவிக் பரிசுக்காக வந்த போர்வைகள், குழந்தைத் துணிப் பொட்டலங்கள். எந்தப் பெட்டியில் என்ன இருக்கிறது என்று அவன்தான் ஒவ்வொன்றாகச் சொல்லிப் பிரிக்க வைத்தானாம். நாலு மணி நேரம் அவளைத் தூங்க விடாமல் பேசிக்கொண்டே இருந்திருக்கிறான். பிறகு அவன் பேச்சு நின்றுவிட்டது.

அவனை ஊருக்குக் கொண்டுவந்து மாதாகோவிலில் வைத்திருந்து, மறுநாள் வேறு விமானத்தில் அனுப்பினார்கள். அனுப்புகிற எதையும் நிறுத்து எழுத வேண்டும், அதுதான் விதி. கடைசியாக அவனை எடைபோட்டதும் எவோன்தான். தராசைப் பார்த்தார், எழுதினார். கேலி செய்ய வாய் பழக்கத்தில் அசைந்தது. மூடிக்கொண்டார்.

மார்ச் மாதம் நஸ்தாவுக்குப் பெண் பிறந்தது. ஊரே அவளுக்கு என்ன பெயர் என்று கேட்காமலேயே தெரிந்து வைத்திருந்தது. இறந்தவரின் பெயர் அடுத்துப் பிறக்கும் குழந்தைக்குப் போகும், ஆணா பெண்ணா என்ற கணக்கு அதில் இல்லை. பெயரோடு அந்த ஆளும் வந்துவிடுகிறார். வாயில் நாலு சொட்டுத் தண்ணீர் விட்டு, நாலு திசைக்கும் தெளித்து, காதில் "வெண்டெல்" என்றார்கள். அதுவரை ஊரைக் கூட்டிக்கொண்டிருந்த பிள்ளை அழுகையை நிறுத்தியது. மாதாகோவிலில் மத்ரோனா என்று எழுதியிருக்கிறது, அந்தப் பெயர் இன்றுவரை யாருக்கும் தேவைப்படவில்லை.

எவோன் பேத்தியை "மச்சான்" என்றுதான் கூப்பிட்டார். முறை மாறக் கூடாதல்லவா. மச்சான் மடியை நனைத்தால் "ஆறு வருஷமா என் தலைமேல பறந்தே, இப்ப இதுவுமா" என்பார். வீட்டில் எல்லோரும் சிரிப்பார்கள். எவோனும் சிரிப்பார். ஆனால் அன்றிலிருந்து அவர் வானிலைப் போனை எடுப்பதில்லை. அது அடித்தால் எழுந்து வெளியே போய்விடுவார். மக்ஸிம் எடுத்துப் பேசுவான்.

விசாரணைக்கு வந்த அதிகாரி கேட்டபோது, பத்தரைக்கு மலை தெரிந்தது என்று எவோன் சொன்னார். அதிகாரி எழுதிக்கொண்டார். 'வா' என்று சொன்னதை எழுத அந்தத் தாளில் கட்டம் இல்லை. மகளிடமோ மனைவியிடமோ அவர் அதைப் பேசவில்லை. மகள் பிழைத்தாள், பேத்தி மடியில் இருக்கிறாள். இதற்காக யாருக்காவது நன்றி சொல்லியே ஆக வேண்டும் போலிருந்தது. ஆனால் நன்றி சொல்ல வாயைத் திறக்கும் ஒவ்வொரு தடவையும் அந்த 'வா' முன்னால் வந்து நின்றது. மாதாகோவிலில் மெழுகுவத்தி ஏற்றும்போதும் அதே கதைதான்.

டிசம்பரில் நஸ்தா ஒரு சேதி கொண்டுவந்தாள். வெண்டெலின் அம்மா லொரெய்ன் வருகிறாளாம். வருஷ நினைவுக்கு, சிலாவிக்கின்போது.

"அவங்க கையால பிள்ளைக்கு உடுப்புப் போடணும்" என்றாள் பரஸ்கா உடனே. செத்தவரின் குடும்பம் அவர் பெயரைத் தாங்கிய பிள்ளைக்கு உச்சி முதல் உள்ளங்கால் வரை புது உடுப்பு உடுத்த வேண்டும். அப்போதுதான் அது போனவருக்குப் போய்ச் சேரும், அவருக்குக் குளிராது.

"அவங்க எங்கம்மா தைப்பாங்க, மினசோட்டாவுல" என்றாள் நஸ்தா.

"அதுக்குத்தான் நாம இருக்கோம். நாம தைப்போம், அவங்க போடுவாங்க."

எவோன் கோடரியை எடுத்துக்கொண்டு விறகு பிளக்க வெளியே போனார். போதுமான விறகு ஏற்கெனவே பிளந்து கிடந்தது. உண்மையைச் சொன்னால் அந்த அம்மாள் பிள்ளையைத் தொடாமலேயே போய்விடுவாளோ என்று பயந்தார். சொல்லாமல் விட்டால் அவள் போடுகிற உடுப்பு பொய்யின் மேல் போட்ட உடுப்பாகிவிடும். எந்தப் பக்கம் திரும்பினாலும் இடித்தது.

லொரெய்ன் வந்த அன்று வானம் துடைத்துவைத்த மாதிரி இருந்தது. ஓடுதளத்தில் பாதி ஊர் நின்றது. விமானத்திலிருந்து இறங்கியவள் மகனைப் போலவே நெட்டை, அறுபத்தாறு வயது, கையில் ஒரே ஒரு பை. இத்தனை பேரைப் பார்த்ததும் படியிலேயே நின்றுவிட்டாள். யாரோ கட்டிக்கொண்டார்கள், யாரோ தலையில் நரித்தோல் தொப்பியைக் கவிழ்த்தார்கள், யாரோ பையைப் பிடுங்கிக்கொண்டு போனார்கள்.

நஸ்தா பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றாள். உடைந்து கூடிய கை குளிரில் வலிக்கும், ஆனாலும் பிள்ளையை யாரிடமும் கொடுக்கவில்லை.

"இதுதான் உங்க பையன்" என்றாள் ஆங்கிலத்தில். "பேரு வெண்டெல். பல்லு ரெண்டு வந்திருக்கு."

லொரெய்ன் குனிந்து பார்த்தாள். பிள்ளை அவள் மூக்குக்கண்ணாடியைப் பிடித்து இழுத்தது.

"இதையேதான் அவனும் செய்வான்" என்றாள். பிள்ளை விடும்வரை குனிந்தே நின்றாள்.

எவோன் தள்ளி, தராசுக்குப் பக்கத்தில் நின்றார். லொரெய்ன் அவரைத் தேடிக்கொண்டு தானாகவே வந்தாள்.

"நீங்கதானே அந்த மச்சான்? ஞாயித்துக்கிழமை போன்ல உங்களைப் பத்தியே பேசுவான். என்னையும் எடை போடணுமா?"

எவோன் புருவத்தை உயர்த்தினார். அந்த ஊரில் அதற்கு ஆமாம் என்று அர்த்தம். அவள் நிஜமாகவே தராசில் ஏறி நின்றாள். கூட்டத்தில் சிரிப்பு எழுந்தது.

"அத்தையை எழுதிடு, எவோன்" என்று யாரோ கத்தினார்கள். மச்சானின் அம்மா அத்தைதானே. தன்னைவிட இரண்டே வயது மூத்தவளை அத்தை என்று கூப்பிட வேண்டிய நிலைமை. எவோன் எழுதினார். எண் கோணலாக விழுந்தது.

மறுநாள் சாயங்காலம் நட்சத்திரம் எவோன் வீட்டுக்கு வருகிற முறை. அதற்கு முன்னால் உடுப்புப் போட்டுவிட வேண்டும் என்று பரஸ்கா ஏற்பாடு செய்திருந்தாள். இருபது பேருக்கு மேல் இடம் இல்லாத வீட்டில் நாற்பது பேர் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்தார்கள். கடமான் சூப் கொதித்தது. காய்ந்த மீனைக் கடல்நாய் எண்ணெயில் தோய்த்து லொரெய்ன் வாயில் வைத்தாள். முகம் ஒரு தரம் கோணியது, ஆனால் விழுங்கிவிட்டாள்.

"உங்க பையனுக்கு இது பிடிக்க மூணு வருஷம் ஆச்சு" என்றாள் பரஸ்கா. நஸ்தா அதை ஆங்கிலத்தில் சொன்னாள்.

"எனக்கு அவ்வளவு நாள் விசா கொடுப்பீங்களா?"

வீடு சிரித்தது. பரஸ்கா தகரப்பெட்டியைத் திறந்து ஒவ்வொன்றாக எடுத்து லொரெய்ன் மடியில் வைத்தாள். அணில் தோலில் தைத்த குட்டி அங்கி, நீர்நாய்த் தொப்பி, கடல்நாய்த் தோலில் காலணி, கழுத்தில் தொங்கவிட நூல் கோத்த கையுறை. நாலு வீட்டுப் பெண்கள் ஒரு மாதம் தைத்தது.

"நான் ஒரு தையல்கூடப் போடலையே" என்றாள் லொரெய்ன். "இதை நான் கொடுத்தேன்னு எப்படிச் சொல்றது?"

"நாங்க கொடுத்தா அது வெறும் துணி. நீங்க போட்டாத்தான் அவனுக்குச் சேரும். நீங்க பெத்தவங்க" என்றாள் பரஸ்கா.

நஸ்தா பிள்ளையை நீட்டினாள். லொரெய்ன் கைகளை நீட்டினாள்.

"கொஞ்சம் பொறுங்க" என்றார் எவோன்.

அவர் எழுந்து நின்றார். எவோனுக்கு ஆங்கிலம் தெரியும், மூட்டை கணக்குக்கும் மலை தெரிவதற்கும் போதுமான ஆங்கிலம். இதற்கு அது போதாது. மகளைப் பார்த்துச் சொன்னார், "நஸ்தா, நான் சொல்றதை அப்படியே சொல்லு. எதையும் விடக் கூடாது."

பிறகு லொரெய்னைப் பார்த்துத் தன் பாஷையில் பேசினார்.

"வானத்தைப் பத்தி உறுதியாப் பேசக் கூடாதுன்னு எங்களுக்கு ஒரு வழக்கம் இருக்கு. நான் அதை மீறினதே இல்ல. அன்னைக்கு உங்க பையன் போன் பண்ணினான். இந்தப் பொண்ணு மூணு நாளா வரலை. நட்சத்திரம் வர்ற நாள். எனக்கு அவசரம். நான் எப்பவும் சொல்ற மாதிரி சொல்லலை. நல்லா இருக்கு, வான்னு சொன்னேன். ரெண்டு தடவை சொன்னேன். அதை நம்பித்தான் கிளம்பினான். இது தெரிஞ்சுட்டு நீங்க பிள்ளைக்கு உடுப்புப் போடணுமா வேண்டாமான்னு முடிவு பண்ணுங்க."

நஸ்தா ஒவ்வொரு வாக்கியமாக ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டு வந்தாள். 'வா' என்ற இடத்தில் நின்றுவிட்டாள்.

"சொல்லு" என்றார் எவோன். "விட்டுடாதே."

சொன்னாள். கடைசி வரை சொல்லி முடித்தாள். நஸ்தா உட்காரவில்லை. அப்பாவைப் பார்த்து ஒரு வாக்கியம், லொரெய்னைப் பார்த்து அதையே ஆங்கிலத்தில் என்று மாற்றி மாற்றிப் பேச ஆரம்பித்தாள்.

"அப்பா, இது எனக்குத் தெரியும். அன்னைக்கே தெரியும். ஏறறதுக்கு முன்னாடி பெத்தல்ல அவர் எங்கிட்டச் சொன்னார். 'உங்கப்பா இன்னைக்கு வான்னுட்டார். ஆறு வருஷத்துல இதுதான் முதல் தடவை. அப்ப அவர் வானத்தைப் பாத்துச் சொல்லலை, உன்னை நினைச்சுச் சொல்லியிருக்கார். அதனால அவர் பேச்சை நான் கணக்குல சேக்கலை. நானே போய்ப் பாக்குறேன். மலை தெரிஞ்சா இறங்குவேன், தெரியலைன்னா திரும்பிடுவேன். ஏறு'ன்னார். மலை தெரியலை. அவர் திரும்பினார்."

எவோன் மகள் பக்கம் திரும்பினார்.

"ஏன் சொல்லலை?"

"எனக்குத் தெரியும்னு தெரிஞ்சா நீங்க என் முகத்தையே பாக்க மாட்டீங்கன்னு நினைச்சேன். நீங்களும்தானே சொல்லலை."

ஒரே வீட்டில், ஒரே அடுப்பில் சாப்பிட்டுக்கொண்டு, ஒரு வருஷம். பரஸ்கா வாயைப் பொத்திக்கொண்டாள்.

லொரெய்ன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டாள். நிதானமாகத்தான் பேசினாள். நஸ்தா அவள் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொண்டு வந்தாள்.

"நான் முப்பத்தொரு வருஷம் ஸ்கூல் பஸ் ஓட்டினவ. எங்க ஊர்லயும் பனி கொட்டும். காலையில அம்மாக்காரிங்க போன் பண்ணுவாங்க, எங்க தெரு நல்லாத்தான் இருக்கு, வாங்கன்னு. எல்லாரும் வாங்கன்னுதான் சொல்லுவாங்க, பிள்ளை ஸ்கூலுக்குப் போகணுமில்ல. அவங்க மேல தப்பு இல்ல. ஆனா வண்டியை எடுக்கறதா வேண்டாமாங்கறது ஸ்டீயரிங்கைப் பிடிச்சவ முடிவு. வேற யாரோடதும் இல்ல. வெண்டெல் அஞ்சு வயசுலேருந்து என் பின் சீட்டுல உட்கார்ந்து அதைப் பாத்திருக்கான்."

எவோனை நேராகப் பார்த்தாள்.

"ஒரு பொண்ணை அவ வீட்டுல கொண்டுபோய் விடணும்னு என் பையன் ஒரு முடிவு எடுத்தான். அது அவனோடது. அதை அவன்கிட்டேருந்து நீங்க எடுத்துக்காதீங்க. எங்கிட்ட அவனோடதுன்னு மிச்சம் இருக்கறது அதுதான்."

எவோன் தலையைக் குனிந்துகொண்டார்.

"இவ வீட்டுக்கு வந்துட்டாளா இல்லையா?" என்று கேட்டாள் லொரெய்ன்.

"வந்துட்டா" என்றார் எவோன். வந்திருக்கலாம் என்று சொல்லவில்லை.

"அப்புறம் என்ன? பிள்ளையைக் கொடுங்க."

அவள் மடியில் பிள்ளையைப் போட்டார்கள். அங்கி, தொப்பி, கையுறை என்று ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டு வந்தாள். காலணியை மாட்டி முடித்து நிமிர்ந்தபோது பரஸ்கா எட்டிப் பார்த்தாள்.

"இடது காலு வலது காலு மாறிப்போச்சு. இப்படித்தான் வளத்தீங்களா? அதான் உங்க பையன் என் வீட்டுல தினமும் வாசல்படி தடுக்கி விழுந்தான்."

நஸ்தா மொழிபெயர்ப்பதற்குள்ளேயே லொரெய்ன் புரிந்துகொண்டு சிரித்தாள். சிரிப்பும் அழுகையுமாகக் காலணியை மாற்றி மாட்டினாள். எவோன் கிட்டே வந்து, முழு உடுப்பில் உருண்டையாக உட்கார்ந்திருந்த பேத்தியின் முன்னால் முழங்காலிட்டார்.

"மச்சான்" என்றார், "குயானா."

அவர்கள் பாஷையில் அதுதான் நன்றி. ஒரு வருஷமாக வராமல் இருந்த வார்த்தை எந்தத் தடையும் இல்லாமல் வந்தது. ஒன்று வந்ததும் அவரால் நிறுத்த முடியவில்லை. லொரெய்னைப் பார்த்து "குயானா, அத்தை" என்றார். மகளைப் பார்த்துச் சொன்னார், மக்ஸிமைப் பார்த்துச் சொன்னார், பனிவண்டி எடுத்துக்கொண்டு வந்த ஒவ்வொருவரையும் பெயர் சொல்லிச் சொன்னார். சூப் பாத்திரத்தைப் பார்த்தும் சொல்லிவிடுவார் போலிருக்கிறது என்றாள் பரஸ்கா. அவர் அதைப் பார்த்தும் சொன்னார். வாசலில் நட்சத்திரக்காரர்களின் பாட்டு கேட்டது. வீட்டு ஆட்கள் ஒருவர் குறையாமல் இருந்தார்கள்.

லொரெய்ன் திரும்பிப் போக வேண்டிய காலையில் எல்லோரும் சீக்கிரமே தயாராகிவிட்டார்கள். அவள் பை ஊரார் கொடுத்த காய்ந்த மீனிலும் பழத்திலும் மூன்று மடங்கு பெருத்திருந்தது. கனத்த காலணியைக் கட்டிக்கொண்டு, மடியில் பிள்ளையோடு அடுப்படியில் உட்கார்ந்திருந்தாள். அவளுடைய மகள் வீட்டுப் பேரன் ஒருவனுக்கு அந்த வாரம் பிறந்தநாள், அதற்குள் போய்விட வேண்டும் என்று நேற்றே சொல்லியிருந்தாள்.

வெளியே வெளுத்த மாதிரியும் இருந்தது, வெளுக்காத மாதிரியும் இருந்தது. மலையின் உச்சி தெரிந்தது, இடுப்பைக் காணோம்.

"உங்க பையன் வேலைதான் இது" என்று பரஸ்கா பிள்ளையின் கன்னத்தைக் கிள்ளினாள். "அம்மாவை விட மனசில்ல, பனியைக் கூப்பிட்டிருக்கான்."

போன் அடித்தது. மக்ஸிம் பழக்கத்தில் எழுந்தான். எவோன் கையைக் காட்டி அவனை உட்காரச் சொன்னார். அவர் போனை எடுத்தார்.

பெத்தலிலிருந்து புது விமானி. இளம் குரல். வானம் எப்படி, வரலாமா என்று கேட்டான்.

எவோன் ஜன்னலுக்குப் போய்ப் பார்த்தார். மலையைப் பார்த்தார், ஆற்றைப் பார்த்தார். அந்த உறையாத துண்டு நீர் இந்த வருஷமும் அதே இடத்தில் புகைந்துகொண்டிருந்தது. திரும்பி லொரெய்னைப் பார்த்தார். அவளும் ஸ்டீயரிங் பிடித்தவள்தான். அவரைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினாள்.

"பாதி மலை தெரியுது போல இருக்கு" என்றார் எவோன் போனில், மெதுவாக, ஒவ்வொரு வார்த்தையாக. "இன்னும் அரைமணியில எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியாது. நீயே பாத்து முடிவு பண்ணு, தம்பி. வழியில தெரியலைன்னா திரும்பிப் போயிடு. நாளைக்கு வா, இல்ல நாளன்னைக்கு வா. இங்க யாருக்கும் அவசரம் இல்ல."

நஸ்தா அதை மொழிபெயர்க்க வேண்டிய அவசியம் இல்லை, எவோன் ஆங்கிலத்தில்தான் பேசினார். லொரெய்ன் பிள்ளையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, குனிந்து மறுகையால் தன் காலணியின் கயிற்றை அவிழ்க்க ஆரம்பித்தாள்.